பண்டாரம்: கல்வெட்டுலயும் பழைய பாட்டுலயும் இந்த வார்த்தை வந்தா எப்படி படிக்கறது, முழுமையான வழிகாட்டி

வேலூர், காட்பாடி, ஆரணி பக்கத்துல பண்டாரம்னா இன்னா அர்த்தம்னு யாரையாவது கேட்டுப் பாருங்க, காவி கட்டிக்கினு கோயில் வாசல்ல உக்காந்திருக்கற சாமியார்னு ஒருத்தர் சொல்லுவார், கோயிலுக்கு பூ கட்டிக் குடுக்கறவங்கன்னு இன்னொருத்தர் சொல்லுவார், ஊட்ல திட்டு வாங்கின பசங்க "பரதேசி பண்டாரம்"னு சொல்லிட்டு சிரிப்பாங்க. ஆனா ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி மேல்பாடியிலயோ திருவல்லத்துலயோ கல்லுல எழுத்து வெட்டின ஆளுகிட்ட கேட்டிருந்தா பொன்னு, காசு, நெல்லு எல்லாம் சேத்து வெக்கற இடத்தைத்தான் கை காட்டியிருப்பார். அரசாங்கத்து கஜானாவும் பண்டாரம்தான், கோயில் கஜானாவும் பண்டாரம்தான்.

அகராதியில பாத்து "பண்டாரம் = கருவூலம்"னு எழுதி வெச்சிக்கிட்டா வேலை முடிஞ்சிதுன்னு நிறைய பேர் நெனைக்கறாங்க. அது போதாதுங்க. இந்த வார்த்தை எங்க வந்தாலும் ரெண்டு கேள்வி கேக்கணும், பணம் யாரோடது, பணம் உள்ள போவுதா வெளிய வருதா. இந்த ரெண்டுத்துக்கும் பதில் கெடைச்சாதான் வரி புரியும், இல்லன்னா அர்த்தம் தெரிஞ்சும் ஒண்ணும் தெரியாது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த ரெண்டு கேள்வியைத்தான் சுத்தி வரும்.

படி 1: வார்த்தையை பிரிச்சிப் பாருங்க

வடமொழியில பாண்டம்னா பாத்திரம், சரக்கு. அகாரம்னா வீடு, இடம். ரெண்டும் சேந்து பாண்டாகாரம், சரக்கு வெக்கற வீடு, அது தேஞ்சிதான் பண்டாரம். தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தமான வார்த்தை இல்ல, இந்தியா முழுக்க சுத்தியிருக்குது. பூரி ஜெகந்நாதர் கோயில்ல 2024 ஜூலையில தெறந்தாங்களே ரத்ன பண்டார், அது இதே வார்த்தைதான். வடக்க பண்டாரான்னா ஊருக்கே போடற அன்னதானம். சேத்து வெக்கற ரூமோட பேரே வாரி எறைக்கற விருந்துக்கும் பேராயிட்டுது பாருங்க.

படி 2: முன்னாடி பின்னாடி ஒட்டியிருக்கறத பாருங்க

தனியா பண்டாரம்னு வர்றது கம்மி. எதனா ஒண்ணு ஒட்டிக்கினுதான் வரும், அதுலயே பாதி பதில் கெடைச்சிடும்.

ஸ்ரீபண்டாரம்னு வந்தா கோயில் கருவூலம், சாமி பேர்ல இருக்கற பணம். மூலபண்டாரம்னா தலைமைக் கருவூலம். பண்டாரின்னா கருவூலத்தை கவனிக்கறவர், தஞ்சாவூர் பெரிய கோயில்ல இந்த வேலைக்கு ஆள் போட்டு வெச்சிருந்தாங்க. பண்டாரவாடைன்னா வருமானம் கருவூலத்துக்கு போற நிலம் இல்ல ஊரு, தஞ்சாவூர் ஜில்லாவுல அந்தப் பேர்லயே ஒரு ரயில்வே ஸ்டேஷன் கூட இருக்குது. சரஸ்வதி பண்டாரம்னா நூலகம், சிதம்பரம் கோயில் கல்வெட்டுல இது வருது. ஓலைச்சுவடியையும் கருவூலக் கணக்குல வெச்சாங்கன்னா அந்தக் காலத்து ஆளுங்களுக்கு சொத்துன்னா இன்னான்னு நல்லாத்தான் தெரிஞ்சிருக்குது.

பண்டார சந்நிதின்னா சைவ மடத்தோட தலைவர். திருவாவடுதுறை ஆதீனத்துப் பெரியவங்க எழுதின 14 நூலுக்கு பண்டார சாத்திரம்னே பேரு, அத பாத்துட்டு வரவு செலவு நோட்டுன்னு நெனைச்சிடாதீங்க, அது சித்தாந்த சாஸ்திரம். எடம் ஆளாச்சி, ஆளு மடத்துத் தலைவராச்சி, அப்புறம் அந்த வழியில வந்த துறவி எல்லாருக்கும் பேராச்சி, கடைசியில நம்ம ஊர்ல திட்டற வார்த்தையாவும் ஆயிப்போச்சி.

படி 3: கல்லுல இருக்கற எழுத்துக்கு கண்ண பழக்குங்க

கல்வெட்டுல பெரும்பாலும் புள்ளி வெக்க மாட்டாங்க. அதனால பண்டாரம்னு நேரா இருக்காது, பணடாரம-ன்னு இருக்கும். கால் போடறதுக்கும் "ர" எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாது, ஏ-ஓ நெடிலு, எ-ஒ குறிலு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். "ஸ்ரீ" மட்டும் கிரந்தத்துல தனியா தெரியும், அத புடிச்சிக்கினு அடுத்த எழுத்துங்கள பாத்தா ஸ்ரீபண்டாரம்னு கண்டுபுடிச்சிடலாம். சில எடத்துல ஸ்ரீ-யை சீ-ன்னே வெட்டியிருப்பாங்க, ஸ்ரீகாரியம் சீகாரியம் ஆவற மாதிரி சீபண்டாரம்னும் வரும்.

காலைல ஏழு எட்டு மணிக்கோ சாயங்காலமோ வெயில் சாய்வா அடிக்கற நேரத்துல போங்க, அப்பதான் எழுத்து நிழல் கட்டி நல்லா தெரியும். இருட்டா இருந்தா டார்ச்ச நேரா அடிக்காம பக்கவாட்டுல சாச்சி அடிங்க. மாவு பூசறது, சாக்பீஸ் தேய்க்கறது, கம்பி பிரஷ் போட்டு சொரண்டறது இதெல்லாம் வேணவே வேணாம். கல்லு கெட்டுப் பூடும், அப்புறம் யார் வந்தாலும் படிக்க முடியாது.

படி 4: பணம் எந்தப் பக்கம் போவுது, வினைச்சொல்ல புடிங்க

இதுதான் முக்கியமான படி, இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கோங்க.

"ஒடுக்கி"ன்னு வந்தா கருவூலத்துல கட்டிட்டாங்கன்னு அர்த்தம், இன்னிக்கி அடக்கறதுக்கு சொல்ற ஒடுக்கறது இல்ல. "இறுத்து"ன்னா வரி கட்டி. "தண்டம்"னா அபராதம், அதுவும் உள்ள வர்ற பணம். "முதல்"னா அசல். "பொலியூட்டு"ன்னா வட்டிக்கு விட்ட பணம், "பொலிசை" இல்ல "பலிசை"ன்னா வட்டி. "ஆட்டை"ன்னா வருஷம், "ஆட்டைவட்டம்"னா வருஷா வருஷம். "சந்திராதித்தவல்"னு வந்தா சூரியன் சந்திரன் இருக்கற வரைக்கும், அதாவது அசல்ல கை வெக்கக்கூடாது, வட்டிய மட்டும்தான் செலவு பண்ணணும்னு மறைமுகமா சொல்றாங்க.

இந்த வார்த்தைங்கள வரிசையா படிச்சிக்கினு வந்தா ஒண்ணு வெளங்கும், கோயில் பண்டாரம் பூட்டி வெச்ச ரூம் மட்டும் இல்ல, கடன் குடுக்கற எடமும் அதான். தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுங்கள்ல ஊர்ச்சபைங்க ஸ்ரீபண்டாரத்துல காசு வாங்கி, "காசின்வாய் அரைக்கால் காசு"ன்னு வருஷ வட்டி கட்ட ஒத்துக்கினு இருக்காங்க. அரைக்கால்னா எட்டுல ஒண்ணு, இன்னிக்கி கணக்குல நூத்துக்கு பன்னெண்டரை. நகைக்கடன் வட்டிய நெனைச்சி பாத்துட்டு யார் நல்லவங்கன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

வடாற்காடு பக்கம், ஏன் தமிழ்நாடு பூராவும், காசுக்கு பதிலா ஆடும் முதலா போட்டாங்க. நந்தாவிளக்கு, அதாவது அணையாம எரியற விளக்கு, ஒண்ணு எரிய 90 ஆடு, சில எடத்துல 96, "சாவா மூவாப் பேராடு"ன்னு கல்லுல வெட்டி வெச்சிட்டாங்க. ஆடு சாவாம இருக்குமா, கெழடு ஆவாம இருக்குமான்னு கேக்காதீங்க, ஆடு செத்தா குட்டி போட்டு எண்ணிக்கை கொறையாம பாத்துக்கணும், நெய் மட்டும் வந்துக்கினே இருக்கணும். அசல் அழியாத நிதின்னு இன்னிக்கி ட்ரஸ்ட்டுங்கள்ல எழுதறத அவங்க ஆட்ட வெச்சி சொல்லிட்டாங்க.

பணம் வெளிய கொட்டின கதைக்கு நம்ம பக்கத்துலயே நல்ல உதாரணம் இருக்குது. வேலூர ஆண்ட சின்ன பொம்ம நாயக்கர், ஆரணி பக்கத்துல அடையபலத்துல பொறந்த அப்பைய தீட்சிதருக்கு பொன்னால கனகாபிஷேகம் பண்ணார்னு அடையபலம் காலகண்டேஸ்வரர் கோயில் கல்வெட்டு சொல்லுது, 1582ஆம் வருஷம். கோட்டைக்குள்ள இருந்த பொன்னு ஒரு படிச்ச மனுஷன் தலைமேல கொட்டுது. இதுல பண்டாரம்ங்கற வார்த்தைய தேடிக்கினு இருக்க வேணாம், பணத்தோட வழிய பாருங்க, கருவூலம் தானா தெரியும்.

படி 5: கணக்கு போட்டுப் பாருங்க

படிச்சது சரியா தப்பான்னு சொல்றதுக்கு கணக்கு மாதிரி வாத்தியார் கெடையாது. பெரிய கோயில்ல ஒரு கல்வெட்டு, பிள்ளையாருக்கு தெனம் 150 வாழைப்பழம் படைக்கணும்னு ஏற்பாடு. தஞ்சாவூர் வியாபாரிங்க கிட்ட 360 காசு முதலா குடுத்திருக்காங்க. வட்டி அரைக்கால், அப்ப வருஷத்துக்கு 45 காசு. ஒரு காசுக்கு 1200 பழம். 45ஐ 1200ஆல பெருக்கினா 54,000 பழம். அத 360 நாளைக்கு பிரிச்சா கரெக்டா 150.

ஒரு பழம் கூட கொறையல பாருங்க. வருஷத்துக்கு 360 நாள்னு கணக்கு வெச்சதும் இதுலயேதான் தெரியுது. இப்படி போட்டுப் பாக்கும்போது ஒரு எண்ணு ஒத்து வரலன்னா பெரும்பாலும் பின்னத்த தப்பா படிச்சிருப்பீங்க, அதனால அரைக்கால் 1/8, மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320 இத ஒரு பேப்பர்ல எழுதி நோட்டுல ஒட்டி வெச்சிக்கோங்க. பொன்னு கணக்குக்கு 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு.

படி 6: இலக்கியத்துல வரும்போது

பாட்டுல வந்தா வட்டி கணக்கு எடுபடாது, ஆனா அந்த ரெண்டு கேள்வியும் அப்படியே வேலை செய்யும்.

முதல்ல எடுத்துக்க வேண்டியது திருவாசகம், திருப்பாண்டிப் பதிகம்.

"காலமுண் டாகவே காதல்செய் துய்ம்மின் கருதரிய
ஞாலமுண் டானொடு நான்முகன் வானவர் நண்ணரிய
ஆலமுண் டான்எங்கள் பாண்டிப் பிரான்தன் அடியவர்க்கு
மூலபண் டாரம் வழங்குகின் றான்வந்து முந்துமினே"

பணம் யாரோடது? சிவனோடது. எந்தப் பக்கம் போவுது? வெளிய. அதுவும் மூலபண்டாரம், தலைமைக் கருவூலத்தையே தெறந்து விட்டுட்டாராம், ரேஷன் கடையில சரக்கு வந்துடுச்சின்னு தெருவுல கத்தற மாதிரி "வந்து முந்துமின்"னு மாணிக்கவாசகர் கூப்படறார். வழங்கற பொருள் பொன்னு இல்ல, வீடுபேறு. ஆனா பக்தி பாட்டுல ஏன் ஆபீஸ் வார்த்தை வருதுன்னு யோசிச்சிப் பாருங்க. மாணிக்கவாசகர் பாண்டிய ராஜாகிட்ட மந்திரியா இருந்தவர், குதிரை வாங்கறதுக்கு குடுத்த பணத்த திருப்பெருந்துறையில கோயிலுக்கு செலவு பண்ணிட்டார்னு கதை. கருவூலத்துச் சாவி எங்க தொங்குதுன்னு தெரிஞ்ச ஆளு எழுதின வரி இது. ராஜாவோட பண்டாரத்துல கணக்கு கேப்பாங்க, இங்க முந்திக்கினு வந்தா போதும்ங்கறார். பண்டாரம்ங்கற வார்த்தைய இதவிட அழகா வேற யாரும் எடுத்தாண்டதா எனக்கு தோணல.

திருக்குறள்ல பண்டாரம்னு வராது, ஆனா விஷயம் பூரா அங்கதான் இருக்குது. 756ஆவது குறள், "உறுபொருளும் உல்கு பொருளும்தன் ஒன்னார்த் தெறுபொருளும் வேந்தன் பொருள்". கருவூலத்துக்கு உள்ள வர்ற வாசல் மூணு. உல்குன்னா சுங்கம், முதல் குலோத்துங்கன் தவிர்த்தான்னு பேர் வாங்கினதும் அதத்தான். தெறுபொருள் தோத்த எதிரிகிட்ட வாங்கற திறை. உறுபொருள்தான் சுவாரசியமானது, தானா வந்து சேர்ற சொத்து, வாரிசு இல்லாம போனது, யாரோ பொதைச்சி வெச்சிட்டு செத்துப்போய் ரொம்ப நாள் கழிச்சி மண்ணுல கெடைச்சதுன்னு பரிமேலழகர் வெளக்கம் சொல்றார். இன்னிக்கும் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது காசுப் பானை கெடைச்சா கலெக்டருக்கு தகவல் போவணும், 1878ஆம் வருஷத்து புதையல் சட்டம் இன்னும் இருக்குது. உறுபொருள்ங்கற பேர் மறந்து போச்சி, வழக்கம் மறக்கல.

அடுத்தது கூழ். ஆடி மாசம் நம்ம பக்கம் அம்மன் கோயில்ல ஊத்தற கேழ்வரகு கூழ்தான் நமக்குத் தெரியும். குறள்லயும் "சிறுகை அளாவிய கூழ்"னு சாப்பாடா வருது, "பைங்கூழ் களைகட் டதனொடு நேர்"னு பயிரா வருது, அப்புறம் பாத்தா "படைகுடி கூழ்அமைச்சு நட்புஅரண் ஆறும்"னு ராஜாவுக்கு வேண்டிய ஆறு அங்கத்துல மூணாவதா கூழ் வந்து நிக்குது. அது கஞ்சியா? இல்ல, பொருள், அரசாங்கத்துச் செல்வம். பரிமேலழகரும் அப்படித்தான் எழுதறார். "கூழுங் குடியும் ஒருங்கிழக்கும் கோல்கோடிச் சூழாது செய்யும் அரசு"ன்னு 554லயும் அதே கூழ்தான், கொடுங்கோல் பண்ணா கருவூலமும் போவும் ஜனங்களும் போவாங்க. கூழ் எங்க வந்தாலும் பக்கத்துல கொழந்தை இருக்குதா, களை இருக்குதா, படையும் குடியும் இருக்குதான்னு பாருங்க, அர்த்தம் தானா பிரிஞ்சிடும்.

சங்கப் பாட்டுல நிதியம், வெறுக்கைன்னு வரும். வெறுக்கைன்னா வெறுப்பு இல்லங்க, செல்வம். "நந்தன் வெறுக்கை"ன்னு அகநானூறு 251ல மாமூலனார் சொல்றது நந்த ராஜாவோட சொத்து. அதே மாமூலனார் 265ல "சீர்மிகு பாடலிக் குழீஇக் கங்கை நீர்முதல் கரந்த நிதியம் கொல்லோ"ன்னு கேக்கறார், நந்தருங்க பாடலிபுத்திரத்துல சேத்து கங்கை தண்ணிக்கு அடியில ஒளிச்சி வெச்ச கருவூலத்த தேடித்தான் என் புருஷன் போயிட்டானோன்னு ஒரு பொண்ணு பொலம்பற எடம். இந்தப் பணம் உள்ளயும் வரல வெளியவும் போவல, தண்ணிக்கு கீழ சும்மா கெடக்குது. அவளுக்கு அது எதுக்கும் ஒதவாது. மூலபண்டாரம் வழங்கற பாட்டையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சி ஒரு தடவ படிங்க.

படி 7: மேல வந்து படிஞ்ச பேருங்கள தள்ளி வைங்க

ஆற்காடு நவாப் காலத்து ஆவணம், அதுக்கப்புறம் கிழக்கிந்திய கம்பெனி காலத்து ஆவணம்னு வந்தா பண்டாரம் போய் கஜானா வந்துடும். அரபியில இருந்து பாரசீகம், உருது வழியா வந்த வார்த்தை. ஆற்காடு ரூபாய்க்கு அன்னிக்கி இருந்த மதிப்புல இங்கிலீஷ்காரன் சென்னையிலயும் பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியிலயும் அதே பேர்ல அடிச்சி விட்டாங்க. 1801ல நவாப் ஆண்ட கர்நாடக நாடு (இன்னிக்கி கர்நாடகா இல்ல, இந்த ஆற்காடு சீமைதான்) கம்பெனி கைக்கு போச்சி. வடாற்காடு ஜில்லாவுக்கு முதல்ல சித்தூர்தான் தலைநகரம், 1911லதான் வேலூருக்கு வந்துது, அதனால பழைய பத்திரத்துல ஜில்லா கஜானான்னு பாத்தா வருஷத்த பாருங்க, வேலூர்னு அவசரப்பட்டு எழுதிடாதீங்க. இப்ப போர்டுல மாவட்டக் கருவூலம், சார் கருவூலம்னு இருக்குது, பென்ஷன் வாங்கறவங்க எல்லாரும் "ட்ரெஷரி"ன்னுதான் சொல்றாங்க. 2019ல ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனி ஜில்லாவா பிரிஞ்சதும் ஊர் பேர் தேடும்போது கவனத்துல இருக்கட்டும், 1989ல பிரிஞ்ச திருவண்ணாமலையும் அப்படித்தான், பழைய புத்தகத்துல எல்லாமே வட ஆர்க்காடு.

படி 8: எங்க ஆரம்பிக்கறது

கல்வெட்ட படிச்சி அச்சடிச்ச தென்னிந்திய கல்வெட்டுத் தொகுதிங்கள்ல முதல் தொகுதியிலயும் மூணாவதுலயும் நம்ம பக்கத்து ஊருங்க நிறைய வருது. மொதல்ல அச்சுல படிங்க, அப்புறம் அதே ஊருக்கு போய் கல்லுல தேடுங்க. பொன்னை ஆத்தங்கரையில மேல்பாடி, ராஜராஜன் தன் தாத்தா அரிஞ்சயனுக்கு எடுத்த கோயில் அங்க இருக்குது, ஆற்றூர்ல செத்துப்போனதால "ஆற்றூர்த் துஞ்சின தேவர்"னு சொல்றாங்களே, அவருக்குத்தான். திருவல்லம் வில்வநாதர் கோயில் சம்பந்தர் பாடின தலம், கல்வெட்டுல தீக்காலி வல்லம்னு பேரு, பல்லவர், பாணர் (பாட்டு பாடற பாணர் இல்ல, பாண ராஜாங்க), சோழர்னு அடுக்கடுக்கா எழுத்து. தொடங்கறவங்களுக்கு நான் திருவல்லத்தைத்தான் சொல்லுவேன். விரிஞ்சிபுரம் வேணும்னா அடுத்தது.

தொல்லியல் துறை கையில இருக்கற கோயில்னா அங்க இருக்கறவங்க கிட்ட கேட்டுக்கினு படம் எடுங்க, பூஜை நடக்கற கோயில்னா குருக்கள் கிட்ட "சாமி, இந்த செவுத்து எழுத்த பாத்துக்கலாமா"ன்னு ஒரு வார்த்தை கேட்டா எண்ணெய் டின்ன நகத்தி கூட குடுப்பாங்க.

நோட்டுல நாலு பத்தி போதும், யார் குடுத்தாங்க, யார் வாங்கினாங்க, முதல் எவ்ளோ, வட்டியில இன்னா செலவு. பண்டாரம்ங்கற வார்த்தை வந்தா வட்டம் போடுங்க, அதுக்கு அடுத்து வர்ற வினைச்சொல்லுக்கு கீழ கோடு போடுங்க. கடைசியில "பன்மாஹேஸ்வரர் ரக்ஷை"ன்னு வந்தா சிவன் கோயில் தர்மம், அடியாருங்க பாதுகாப்புல விட்டுட்டாங்கன்னு அர்த்தம். "கங்கையிடைக் குமரியிடை" செஞ்ச பாவம்லாம் வரும்னு சாபம் இருந்தா அதையும் விடாம எழுதிக்கோங்க, பண்டாரத்துல கை வெப்பாங்கன்னு அன்னிக்கே பயந்திருக்காங்கன்னு அதுல தெரியும். கல்லு ஒடைஞ்சி பாதியில நின்னா அங்க புள்ளி வெச்சி விட்டுடுங்க, மீதிய உங்க கைக்காசுல ரொப்பாதீங்க.